நேரில் சென்று நன்றி சொல்லும் ஐயாறப்பர்

புதுமணத் தம்பதியரை உற்றார் வீடுகளுக்கு அழைத்துச் சென்று, பெரியவர்களை வணங்கச் செய்வது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பந்தல் போட்டுக் கொடுத்தவர், பாத்திரம் தந்து உதவியவர், பந்தியில் பரிமாறியவர் என எவர் வீட்டையும் விட்டுவிடாமல் படியேறிச் சென்று நன்றி சொல்வார்கள். இந்த வழக்கத்தை இறைவனே மேற்கொள்ளும் ஊர் ஒன்று உண்டு. அது காவிரியின் வடகரையில் உள்ள திருவையாறு.

சிலாத முனிவரின் புதல்வராகிய நந்தியெம்பெருமானை ஐயாறப்பர் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். அவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமழபாடியில் திருமணம் செய்வித்தார். அத்திருமணத்துக்குச் சுற்றியுள்ள ஆறு ஊர்களும் தத்தம் பங்கைத் தந்தன என்பது தலவரலாறு. திருப்பழனத்திலிருந்து பழங்கள் வந்தன. திருச்சோற்றுத்துறையிலிருந்து அமுது வந்தது. திருவேதிகுடியிலிருந்து வேதியர் வந்தனர். திருக்கண்டியூர் அணிகலன்களையும், திருப்பூந்துருத்தி மலர்களையும், திருநெய்த்தானம் என்னும் தில்லைஸ்தானம் நெய்யையும் அளித்தன. உதவிய ஊர்களுக்கு நன்றி தெரிவிக்க, ஐயாறப்பர் அறம்வளர்த்த நாயகியுடன் கண்ணாடிப் பல்லக்கிலும், மணமக்களாகிய நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளி, ஆறு ஊர்களுக்கும் சென்று வருகின்றனர். சித்திரை மாதம் விசாக நட்சத்திரத்தை ஒட்டி நடைபெறும் இவ்விழாவே சப்தஸ்தானம் எனப்படும் ஏழூர்த் திருவிழா.

எங்கும் நிறைந்திருப்பவருக்கு ஏன் இந்தப் பயணம்? இருந்த இடத்திலிருந்தே ஆறு ஊர்களுக்கும் அருள் புரிய அவரால் இயலாதா? இயலும். ஆயினும் நன்றி என்பது நேரில் சென்று சொல்ல வேண்டிய ஒன்று என்று அவர் கருதினார் போலும். எல்லாவற்றையும் கைபேசியிலேயே முடித்துக்கொள்ளப் பழகிவிட்ட நமக்கு, இந்த ஏழூர்ப் பாதை ஒரு நல்ல பாடம்.

கைபேசியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 2020 ஆம் ஆண்டு சித்திரையில் நோய்த்தொற்றின் காரணமாகக் கோவில் கதவுகள் அடைபட்டிருந்தபோது, மதுரை மீனாட்சியம்மன் திருக்கல்யாணத்தை நம்மில் பலரும் நேரலையில்தான் கண்டோம். திருமாங்கல்யம் சாற்றிய வேளையில் வீட்டுக் கூடத்திலேயே பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொண்டனர். அன்று அந்தச் சிறு திரை நமக்குக் கோபுர வாசலாக இருந்தது. பின்னர்க் கோவில் கதவுகள் திறந்தன. ஆனால் நம்மில் சிலர் கூடத்திலேயே தங்கிவிட்டோம். அந்தக் காட்சியில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதை, ஓய்வு பெற்ற பிறகு ஏழூர்ப் பல்லக்கின் பின்னே நடந்தபோது நான் தெளிவாகக் கண்டேன்.

திருப்பழனமும் திங்களூரும்

விடியற்காலையில் திருவையாற்றிலிருந்து புறப்படும் பல்லக்குகள், கும்பகோணம் செல்லும் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. முதலில் வருவது திருப்பழனம். ஆபத்சகாயரும் பெரியநாயகியம்மையும் அருள்புரியும் தலம். பழத்தட்டுகளுடன் ஊர் மக்கள் எல்லைக்கே வந்து வரவேற்கின்றனர். அவ்வூர்ப் பெருமானும் தம் பல்லக்கில் எழுந்தருளி ஐயாறப்பருடன் சேர்ந்துகொள்கிறார். இவ்வாறு ஒவ்வோர் ஊரிலும் ஒரு பல்லக்கு கூடிக்கொண்டே வரும்.

திருப்பழனத்துக்கு அருகில்தான் திங்களூர் உள்ளது. நவக்கிரகத் தலங்களுள் சந்திரனுக்கு உரியதாகப் பலரும் அறிந்த ஊர். அப்பூதியடிகள் வாழ்ந்த ஊரும் அதுவே. அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உருக்கமாகப் பாடியிருக்கிறார். திருநாவுக்கரசரை ஒருமுறையும் கண்டிராத அப்பூதியார், தம் பிள்ளைகளுக்கும், பசுக்களுக்கும், அளக்கும் படிகளுக்கும், வழிப்போக்கர் தாகம் தீர்க்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே சூட்டியிருந்தார். தொலைவிலிருந்து செலுத்தும் அன்பு பொய்யன்று என்பதற்கு அப்பூதியாரைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாவுக்கரசரே அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து, "உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை ஏன் எழுதினீர்?" என்ற கருத்துப்பட வினவியபோது, அப்பூதியாருக்கு வந்தவரை அடையாளம் தெரியவில்லை. சினமே வந்தது. பெயரை ஊரெங்கும் எழுதி வைத்தவருக்கு முகம் தெரியாமற் போயிற்று. உண்மையறிந்த பின்னரே அவர் நாவுக்கரசரின் திருவடிகளில் வீழ்ந்தார்.

அதற்குப் பின் நிகழ்ந்ததை நாம் அறிவோம். விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்தான். அடியவர் அமுது செய்வதற்குத் தடை வரலாகாது என்று பெற்றோர் அத்துயரை மறைத்தனர். திருநீறு அளிக்க மூத்த பிள்ளையை அழைத்த நாவுக்கரசர், அப்பூதியாரின் விடையில் ஏதோ ஒன்று தடுமாறுவதை உணர்ந்தார். மீண்டும் கேட்டு உண்மையை அறிந்தார். திருப்பதிகம் பாடிப் பிள்ளையை எழுப்பித் தந்தார். மறைத்து வைத்த துயரம், எதிரில் அமர்ந்திருப்பவருக்கே புலப்படுகிறது. "நலம்தானே?" என்று கைபேசியில் கேட்டால் "நலமே" என்றுதான் நாம் எல்லோரும் விடை சொல்கிறோம்.

வங்கிப் பணியில் இதை நான் ஆண்டுதோறும் கண்டதுண்டு. ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதத்தில் நேரில் வந்து, தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றில் கையெழுத்திட வேண்டும். வரிசையில் நிற்கச் சிரமமாக இருந்தாலும், வங்கியின் நீண்ட பலகையில் பழைய நண்பர்கள் சந்தித்துக்கொள்வார்கள். "அவர் ஏன் இன்னும் வரவில்லை?" என்று யாரேனும் கேட்பார். மாலையில் இரண்டு பேர் அந்த வீட்டைத் தேடிச் சென்று பார்த்துவிட்டு, மறுநாள் எங்களுக்கும் வந்து சொல்வார்கள். 2014 ஆம் ஆண்டு மைய அரசு ஜீவன் பிரமாண் என்னும் முறையைக் கொண்டு வந்தது. இன்று வீட்டிலிருந்தபடியே கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று அளித்துவிடலாம். நடக்க இயலாதவர்களுக்கு அது பெரும் வரம், அதில் ஐயமில்லை. ஆனால் உயிருடன் இருப்பதை இப்போது கணிப்பொறி அறிந்துகொள்கிறது; பலகையில் அமர்ந்திருந்த நண்பர் அறிவதில்லை.

ஆற்று மணலில்

திருப்பழனத்திலிருந்து தென்கரைக்குச் செல்லக் காவிரியைக் கடக்க வேண்டும். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12 அன்று. ஆகவே சித்திரையில் ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். வெயில் ஏறிய மணலில் பல்லக்கைத் தாங்கி இறங்குவது எளிய செயலன்று. கால் புதையும், ஒருவர் அடி பிசகினால் தண்டு சாய்ந்து பக்கத்திலிருப்பவரின் தோளில் சுமை இறங்கும். ஆகவே உயரம் ஒத்தவர்களாகப் பார்த்து நிறுத்துகிறார்கள். முன்னே செல்பவர் குரல் கொடுக்க, பின்னே உள்ளவர் அதற்கேற்ப அடி வைக்கிறார். ஒருவர் களைத்தால், பல்லக்கு நிற்காமலேயே அடுத்தவர் தண்டுக்கு அடியில் நுழைந்து தோள் கொடுக்கிறார். சீர்பாதந்தாங்கிகள் என்று இவர்களை மதிப்புடன் அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

இவர்களில் பல இளைஞர்கள் இப்போது ஊரில் இல்லை. திருப்பூரிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வேலை செய்கிறார்கள். அன்று என்னுடன் நடந்த ஓர் இளைஞர், விடுப்பு எடுத்துக்கொண்டு இரவு முழுதும் பேருந்தில் பயணம் செய்து வந்திருந்தார். "ஊரிலிருந்தே படம் அனுப்புவார்களே, ஏன் இவ்வளவு சிரமம்?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "படம் வருங்க ஐயா. ஆனா எங்க தாத்தா, அப்பா நின்ன எடம் காலியா இருக்குமே" என்றார்.

விழாவின் உயிர்நாடி அந்த விடையில் உள்ளது. நேரலையில் காண்போர் நூறு பேர் குறைந்தாலும் விழா நடக்கும். தோள் கொடுப்போர் நான்கு பேர் குறைந்தால் பல்லக்கு புறப்படாது. எல்லோரும் காண்பவராகவே இருந்துவிட்டால், காண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சோறு அளித்த ஊரும் வேதம் அளித்த ஊரும்

தொலையாச் செல்வராகிய ஓதனவனேஸ்வரர் அன்னபூரணியுடன் வீற்றிருக்கும் திருச்சோற்றுத்துறை அடுத்து வருகிறது. பஞ்ச காலத்தில் அடியவர் ஒருவருக்கு எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தை இறைவன் அளித்த தலம். ஊரின் பெயருக்குக் குறைவு வரலாகாது என்பது போல, வீட்டுக்கு வீடு நீர்மோர், பானகம், தயிர்சாதம். யார் எவர் என்று கேட்பதில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, ஒக்காருங்க" என்று திண்ணையைக் காட்டுகிறார்கள். நான் அமர்ந்த திண்ணையில் ஏற்கெனவே மூவர் இருந்தனர். அரை மணி நேரத்தில் ஒருவரின் மூட்டுவலிக்கு மற்றொருவர் தைலம் சொல்லி, இன்னொருவர் பெயர்த்திக்கு வரன் ஒன்றும் சொல்லிவிட்டார்.

திருவேதிகுடியில் வேதபுரீஸ்வரரும் மங்கையர்க்கரசியம்மையும் எழுந்தருளியுள்ளனர். திருமணத் தடை நீங்க இங்கு வந்து வழிபடுவோர் உண்டு. அங்கிருந்து திருக்கண்டியூர். வீரட்டத் தலங்கள் எட்டனுள் ஒன்று. பிரமனின் சிரம் கொய்த இறைவன் மங்களநாயகியுடன் விளங்கும் இடம். அரசாப விமோசனப் பெருமாளின் திவ்ய தேசமும் இதே ஊரில் இருப்பது கூடுதல் சிறப்பு.

தென்கரைத் தெரு ஒன்றில் கண்ட காட்சியை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டு வாசலில், எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் வேட்டியும் மேல்துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். அருகில் முக்காலியில் தேங்காய், பழம், கற்பூரம் வைத்த தட்டு. அவர் கையிலோ கைபேசி. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குச் சுவாமியைக் காட்டுவதற்காக அதை உயரப் பிடித்திருந்தார். பல்லக்கு நெருங்கிற்று. "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, வெளிச்சம் அடிக்குது" என்ற குரல் அதிலிருந்து கேட்டது. பெரியவர் திருப்பினார். கை நடுங்கியது. பல்லக்கு வாசலுக்கே வந்து நின்றுவிட்டது; கைபேசியைப் பிடித்த கைகளால் அவருக்குக் கும்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி விரைந்து வந்தார். "குடுங்க பெரியப்பா, நான் புடிச்சுக்கறேன். நீங்க கும்பிட்டுக்குங்க" என்று கைபேசியை வாங்கிக்கொண்டார். பெரியவர் இரு கைகளையும் தலைமேல் குவித்தார். அவர் கண்களில் நீர் வழிந்தது. கைபேசியின் மறுபுறத்தில் மகனும் பேச்சை நிறுத்தியிருந்தான். தந்தை கும்பிடுவதை அப்போதுதான் அவனும் கண்டிருக்க வேண்டும். அந்தப் பெண்மணி தீபாராதனை முடியும் வரை அசையாமல் நின்றார்.

மகன் அன்பில்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை தொலைவிலிருந்து, வேலை நேரத்தில், ஊர்ச் சுவாமியைக் காண விரும்பினான் அல்லவா? அப்பூதியாரின் அன்பைப் போன்றதே அதுவும். ஆனால் தந்தையின் கைகளை விடுவிக்க அவனால் இயலவில்லை. அதற்கு மூன்றடி தொலைவில் ஒருவர் வேண்டியிருந்தது.

பல்லக்கின் அடியில் ஒரு குரல்

திருப்பூந்துருத்திக்குப் பல்லக்குகள் வரும்போது, அப்பர் பெருமானின் நினைவு வராமல் இராது. அவர் திருமடம் அமைத்துத் தங்கிய ஊர் இது. பாண்டி நாட்டிலிருந்து திரும்பிய திருஞானசம்பந்தர், அப்பரைக் காணும் ஆவலுடன் இவ்வூரை நோக்கி முத்துச் சிவிகையில் வந்தார். எதிர்கொள்ளச் சென்ற அப்பர், கூட்டத்தில் புகுந்து, சிவிகை தாங்குவோருடன் தாமும் ஒருவராகத் தோள் கொடுத்தார். வயதில் மிக மூத்தவர். அன்று பல்லக்கு ஏறி வந்தவரோ இளம் பிள்ளை. ஊரை நெருங்கியதும், "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்டார். தங்கள் திருவடி தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்ற கருத்தில் சிவிகையின் அடியிலிருந்து விடை வந்தது. சம்பந்தர் பதறிக் கீழே இறங்கி வணங்கினார்; அப்பரும் வணங்கினார்.

சிவிகையில் இருந்தவரையில் சம்பந்தருக்குத் தம்மைத் தாங்குபவர் யாரென்று தெரியவில்லை. இறங்கிய பின்பே முகம் பார்த்தார். நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். கோவில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவர், பிரகாரத்தில் நாம் தடுமாறும்போது முழங்கையைப் பிடிப்பவர், இரண்டு பிரதோஷங்களுக்கு நாம் வராவிட்டால் "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்கும் பூக்காரம்மாள். இவர்கள் எவருடைய எண்ணும் நம் கைபேசியில் இல்லை.

பொம்மை சொரியும் பூ

திருப்பூந்துருத்தியிலிருந்து மீண்டும் ஆற்றைக் கடந்தால் தில்லைஸ்தானம். நெய்யாடியப்பரும் பாலாம்பிகையும் அருளும் தலம். இங்கு ஏழாவது பல்லக்கும் சேர்ந்துகொள்கிறது. ஏழு ஊர்ப் பெருமான்களும் ஒன்றாகத் திருவையாறு திரும்பும் காட்சியைக் காண மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். நிறைவாக, பொம்மை ஒன்று பல்லக்குகளின் மீது பூச்சொரியும். தாத்தாவின் தோளில் அமர்ந்த குழந்தைகள் அந்தப் பொம்மையைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பதைக் காணக் கண் கோடி வேண்டும். அந்தத் தாத்தாவும் ஒரு காலத்தில் வேறொருவர் தோளில் அமர்ந்து கண்டவர்தான்.

பூச்சொரிந்தபின் ஏழூர்ப் பெருமான்களும் தீபாராதனை கண்டு, தத்தம் ஊருக்குத் திரும்புகின்றனர். தெய்வங்களும் ஆண்டில் ஒருமுறைதான் இவ்வாறு கூடுகின்றன. ஆயினும் அந்த ஒருமுறையைத் தவறவிடுவதில்லை.

செல்ல விரும்புவோருக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு நாள் முழுதும் பேருந்துகள் உண்டு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்து செல்லும் அந்தச் சிறு பயணமே ஒரு தரிசனம். வழியில் திருக்கண்டியூரும் வந்துவிடும். ஏழூரையும் நடந்து வலம்வர இயலாதவர்கள், விழா நாளன்று ஏதேனும் ஓர் ஊரில் மட்டும் நிழலான இடம் பார்த்து அமர்ந்துகொள்ளலாம். கோவிலுக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கு இறைவனே வருவதுதான் இவ்விழாவின் சிறப்பு. குடையும் குடிநீரும் வழக்கமான மருந்துகளும் கையில் இருக்கட்டும். மற்ற நாள்களில் ஒரு காரில் ஏழு தலங்களையும் தரிசிக்கலாம். நடைசாத்தும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அதற்கும் உடல் இடந்தராதவர்கள் வருந்த வேண்டாம். நேரலையில் கண்டாலும் ஐயாறப்பர் அருள் புரிவார். ஒன்று மட்டும் செய்யலாம். தனியாகக் காண வேண்டாம். பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் ஒருவரை அழைத்து, இருவருமாக அமர்ந்து காணுங்கள். தீபாராதனையின்போது கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரு கைகளையும் குவித்துக் கும்பிடுங்கள். அவருக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

நடக்க முடிந்தவர்களோ, அடுத்த பிரதோஷத்துக்கு உங்கள் ஊர்ச் சிவன் கோவிலுக்குச் செல்லும்போது, சில நாள்களாகக் கண்ணில் படாத அந்த ஒருவரின் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுங்கள்.